பரீட்சைக்கு வந்த பாகூர் வண்டிகள்

மூன்று மாட்டு வண்டிகள். மூன்றும் நிற்கக்கூடாத இடத்தில் நின்றன.

புதுச்சேரி டவுனில், கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளி, துரைமார் குடியிருக்கிற வட்டாரம் அது. தெருவில் ஒரு காய்ந்த இலை கிடந்தாலே யாராவது வந்து பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்பேர்ப்பட்ட தெருவில், ஐப்பசி மாதத் தூறலில், காலை எட்டு மணிக்கு ஆறு பாகூர் மாடுகள் நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. ஒரு மாடு மட்டும் வைக்கோலை விட்டுவிட்டு, யாரோ ஒரு துரை வீட்டு மதிலில் தொங்கிய காகிதப்பூக் கொடியை இழுத்து ருசி பார்த்தது. இன்னொரு மாடு செய்த காரியத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. சிவப்புத் தொப்பிச் சிப்பாய் அதைத்தான் வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இறங்கிய ஜனம் இருபது பேருக்குக் குறையாது. எல்லாரும் துவைத்து உடுத்தியிருந்தார்கள். ஈர வைக்கோல் வாசனையும் மஞ்சள் வாசனையும் சேர்ந்து வந்தது. முன்னால் வந்த அஞ்சலை என்ற பெண்ணின் கையில் ஒரு தாம்பாளம். அதில் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு. கடைசி வண்டியில் ஒரு கட்டுக் கரும்பு வேறு.

"வாத்தியாரே, பரீட்ச எந்த வூட்டுல?" என்று அஞ்சலை தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

நான் அழைத்து வரச் சொன்னது ஒரே ஒரு ஆளை.

என் உத்தியோகம்

சென்ற வாரம் என் சைக்கிளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'அதெல்லாம் சரி, அந்தக் காலத்தில் நீர் என்ன வேலைதான் பார்த்தீர்?' என்று கார்டு போட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் மாமனாரும் சாகும்வரை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சுக்காரன் ஆட்சி. யுத்தத்துக்கு இரண்டொரு வருஷம் முந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுனில் சட்டம் படிப்பிக்கிற இடம் ஒன்றில் எனக்கு வேலை. பெயரைப் போடமாட்டேன்; அங்கே படித்த கிழவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள், தடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பேராசிரியர்கள் காலையில் பாடம் நடத்திவிட்டுப் போவார்கள். சாயங்காலம் அதே பாடத்தை மாணவர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது என் பொறுப்பு. துணை வாத்தியார்; பையன்கள் பிரெஞ்சு முறையில் 'முசியே' என்று கூப்பிடுவார்கள். வயது இருபத்தைந்து. மாணவர்களில் பாதிப்பேருக்கு என்னைவிட மீசை அடர்த்தி.

வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த பையன்கள் டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அவர்களைக் கண்காணிப்பதும் என் தலையில்தான். காய்ச்சல் வந்தால் கஷாயம் வாங்கிக் கொடுப்பேன், வகுப்புக்கு வராவிட்டால் போய்க் கதவைத் தட்டுவேன். மனசு என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் உடம்புக்கு வருகிற மாதிரி வரும் என்பதெல்லாம் என் புத்தியில் ஏறவில்லை. அதை எனக்கு யாரும் சொல்லவுமில்லை.

அதற்கு முந்தின வருஷம் மண்ணாடிப்பட்டுப் பையன் ஒருவன் இருந்தான். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று யாரோடும் பேசுவதை நிறுத்தினான். சாப்பாட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினான். நான் பார்த்தேன். பார்த்தும், வயசுக் கோளாறு, சரியாகிவிடும் என்று விட்டேன். ஒரு நாள் அவன் அப்பா வந்து, பிள்ளை சைகோனுக்குக் கப்பல் ஏறிவிட்டானாமே, உங்களிடம் ஏதாவது சொன்னானா என்று கேட்டார். கையில் பிள்ளைக்காகக் கொண்டு வந்த வெல்லப் பொட்டலம். இன்றைக்கும் அந்தப் பொட்டலத்தை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எழுத்தில் புலி

கலியபெருமாள் பாகூர்ப் பையன். நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிற குடும்பம். அப்பா பெயர் அய்யாக்கண்ணு. ஒரே பிள்ளை. ஒல்லியாக, உயரமாக, எங்கே நின்றாலும் இடைஞ்சலாக நிற்கிறோமோ என்று யோசிப்பது போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பான்.

எழுத்துப் பரீட்சையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. சிவில் சட்டப் பேராசிரியர் அவன் விடைத்தாளை வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டினார். ஆனால் பிரெஞ்சுக்காரன் ஏற்பாட்டில் எழுதினால் மட்டும் போதாது. வாய்மொழிப் பரீட்சை என்று ஒன்று உண்டு. கறுப்பு அங்கி போட்ட மூன்று துரைமார் ஒரு நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும். அது நடக்கும் மண்டபத்தின் கதவைச் சாத்தக்கூடாது என்பது சட்டம். தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பின்பெஞ்சியில் உட்கார்ந்து கேட்கலாம். யாரும் வந்ததில்லை, அது வேறு விஷயம்.

ஜூலையில் கலியபெருமாள் அந்த மேஜைக்கு முன்னால் போய் நின்றான். நின்றவன் நின்றவன்தான். ஒரு கேள்வி, இரண்டு கேள்வி, மூன்று கேள்வி. வாயில் கொழுக்கட்டையை அடைத்தது போல நின்றுவிட்டு, குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனான். எல்லாக் கேள்விக்கும் விடை அவனுக்குத் தெரியும். அது எனக்கும் தெரியும்.

தவறியவர்களுக்கு அக்டோபரில் இன்னொரு வாய்ப்பு. அதிலும் வாய் திறக்காவிட்டால் வகுப்பில் இடம் கிடையாது, படிப்பு அத்தோடு சரி.

நான் செய்த வைத்தியங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். முதலில் அவனைக் கடற்கரையில் நிறுத்தி அலையைப் பார்த்துக் கத்தச் சொன்னேன். அலைக்கு நன்றாகவே பதில் சொன்னான். பிறகு பாதாம் பால். பிறகு விடியற்காலைக் குளியல். அதில் சளி பிடித்து நான்கு நாள் படுத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்க்கும்போதெல்லாம் தைரியமாயிரு, தைரியமாயிரு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவனே கையெடுத்துக் கும்பிட்டு, அதை மட்டும் சொல்ல வேண்டாம் முசியே, அதைக் கேட்ட பிறகுதான் பயமே வருகிறது என்றான்.

அடுத்த நாள் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். இரண்டு நாள் கழித்து அறைக்குச் சொந்தக்காரர் போகிற போக்கில் என்னிடம் சொன்னார்: போவதற்கு முன் ஒரு வாரமாய்ச் சாப்பாடு வாசலிலேயே இருந்தது என்று.

எனக்கு மண்ணாடிப்பட்டுப் பையனின் அப்பா ஞாபகம் வந்தார். அன்றைக்கே சைக்கிளை எடுத்துவிட்டேன்.

சௌக்கிதாரும் சிவப்புப் புத்தகமும்

டவுனிலிருந்து பாகூர் போவதென்றால், இப்போதிருப்பவர்கள் பஸ்ஸில் ஏறிக் கண் அசருவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். அன்றைக்கு அரியாங்குப்பத்து ஆற்றைத் தாண்டிவிட்டால், சிறிது தூரம் பிரெஞ்சு ராஜ்யம், சிறிது தூரம் இங்கிலீஷ் ராஜ்யம், மறுபடி பிரெஞ்சு என்று மாறி மாறி வரும். ஒரே வெயில், ஒரே புழுதி, இரண்டு ராஜா. நடுவில் சௌக்கி என்கிற சுங்கச் சாவடி.

சௌக்கியில் இருந்தவர் என் பையைக் கொட்டிப் பார்த்தார். பட்டுத் துணி இல்லை, சீமைச் சாராயம் இல்லை. ஒரு சிவப்பு அட்டைச் சட்டப் புத்தகமும் ஒரு பொட்டலம் பொரிகடலையும்தான் இருந்தன. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். பிரெஞ்சுச் சட்டம் என்றேன். இங்கிலீஷ் எல்லைக்குள் அதற்கு என்ன வேலை என்று கேட்டார். எனக்கு அப்போதே மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலை இல்லாததால்தான் கட்டி எடுத்துப் போகிறேன் என்றேன். பொரிகடலையில் பாதியை வரியாக எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

சரி, கதைக்கு வருகிறேன்.

ஏரிக்கரையில்

கலியபெருமாள் வீட்டில் இல்லை. அய்யாக்கண்ணு என்னைக் கண்டதும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். வாத்தியார் வீடு தேடி வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சுவாக்கில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஜூலையில் தவறிப்போனதை அவன் அப்பாவிடம் சொல்லவே இல்லை. பரீட்சை இரண்டு பகுதி, மற்றொரு பகுதி அக்டோபரில் என்று சொல்லி வைத்திருக்கிறான். படிச்சுப் படிச்சு உடம்பு கெட்டுப்போச்சு வாத்தியாரே, மூணு வாய் தின்னுட்டு எழுந்துடறான் என்று அவர் வருத்தப்பட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்ல வேண்டியவன் அவன்.

அவனை ஏரிக்கரையில் மதகுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தேன். ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து ஏரி பாதி நிறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். சைகோனில் இருந்த தாய்மாமனுக்கு எழுதியது. அடுத்த கப்பலில் வருகிறேன், ஏதாவது ஒரு வேலை பார்த்து வையுங்கள் என்று. இன்னும் தபாலில் போடவில்லை.

என்ன பேசுவதென்று சத்தியமாகத் தெரியவில்லை. தைரியமாயிரு என்பதையும் தடை செய்துவிட்டான். நான் டவுனில் பிறந்து வளர்ந்தவன். நெல் எந்தச் செடியில் காய்க்கிறது என்று தெரியாது. பேச்சை மாற்றுவதற்காக, ஏரியில் தண்ணீர் இருந்தால் அது தானாகவே எல்லா வயலுக்கும் போய்விடுமா என்று கேட்டேன்.

அவன் சிரித்துவிட்டான். மாதக்கணக்கில் அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. தானா எப்படி முசியே போவும் என்று ஆரம்பித்தான். ஒரு குச்சியை எடுத்துக் கரை மண்ணில் கோடு போட்டான். மதகு இது, பெரிய வாய்க்கால் இது, கிளை இது. மேல்வயல் நிரம்பி வழிந்து கீழ்வயலுக்கு வரும் முறை, யார் முதலில் மடை திறப்பது, சண்டை எங்கே வரும், எப்படித் தீர்ப்பார்கள். தோள் நிமிர்ந்துவிட்டது. குரல் கணீரென்று வந்தது. அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினான். நடு நடுவே, சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று பிரெஞ்சிலும் சொன்னான்.

எனக்கு ஏற்பட்ட உற்சாகத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எழுந்து நின்று, பரீட்சை துரை மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சரி, இப்போது சொல், மதகு என்றால் என்ன என்று கேட்டேன்.

கலியபெருமாளின் வாய் மூடிக்கொண்டது. குச்சி கீழே விழுந்தது. தோள் குறுகிவிட்டது.

"இப்பத்தான உங்களுக்குச் சொன்னேன் முசியே," என்றான் கடைசியில். "உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே கேக்கறீங்க. தெரிஞ்சவங்க கேட்டா எனுக்கு வாய் வரல. எங்க தப்பு பண்ணுவான்னு காத்துக்கினு இருக்கறா மாதிரி கீது."

அவ்வளவுதான் அவன் நோய். பாதாம் பாலுக்கும் குளியலுக்கும் பிடிபடாதது, நான் ஒரு விஷயம் தெரியாதவனாக இருந்ததால் பிடிபட்டது. என் அறியாமை ஒருவனுக்கு உபயோகப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

கடிதத்தை வாங்கி என் சிவப்புப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். அக்டோபர் வரை இது என்னிடம் இருக்கட்டும், அன்றைக்கும் வாய் திறக்காவிட்டால் நானே தபாலில் போட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்னொரு வாக்கும் அவன் கேட்டான்: அப்பாவிடம் சொல்லக்கூடாது. அதையும் கொடுத்தேன்.

கஞ்சி வேளைப் பாடம்

பாகூரில் கலியபெருமாளுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். கொம்யூன் என்கிற ஊராட்சி ஆபீசிலிருந்து பிரெஞ்சில் எந்தக் காகிதம் வந்தாலும், சைகோனிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும், அவன் ஊரில் இருக்கும்போது அவனிடம்தான் கொண்டு வருவார்கள். பூவரச மரத்தடியில் நின்று படித்துச் சொல்வான். ஒரு வரி விடமாட்டான். நல்லது கெட்டது எதுவானாலும் உள்ளதை உள்ளபடி படிப்பான் என்று தெருவில் அவனுக்குப் பெயர். அவன் கையில் ஒரு காகிதத்தைப் பார்த்தால் போதும், நாலு பேர் கூடி, 'படி' என்பார்கள்.

அப்புறம் என்ன? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் சைக்கிளில் போனேன். சௌக்கிக்காரர் பொரிகடலைக்குக் கையை நீட்டியபடியே நிற்பார். கரும்புக் கொல்லையில் களை எடுப்பவர்கள் கஞ்சிக்கு உட்காரும் வேளையில் கலியபெருமாள் வரப்பில் நின்று சிவப்புப் புத்தகத்தைச் சொல்வான். முதலில் தமிழில், பிறகு அதையே பிரெஞ்சில். கல்யாணச் சட்டம், சொத்துப் பிரிவினை, காணாமல் போனவன் சொத்து, தண்ணீர்ப் பாத்தியதை. ஒவ்வொன்றுக்கும் கையால் ஒரு அபிநயம் வைத்திருந்தான். பிரெஞ்சு புரியாவிட்டாலும் கையைப் பார்த்து எந்தச் சட்டம் என்று சொல்லிவிடுவார்கள்.

இவர்களில் அஞ்சலை பெரிய ஆள். கலியனுக்கு அத்தை முறை. புருஷன் இல்லை. பள்ளத்தில் ஒரு துண்டு வயலைக் குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் வைத்தாள். அவள் குரலுக்கு எட்டு வயல் தாண்டியிருக்கிற மாடு திரும்பிப் பார்க்கும். இவன் கொஞ்சம் முணுமுணுத்தால், கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்குக் கேக்கல கலியா என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து தரமாவது சொல்வாள். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தான் பையன். அவள் கலயத்திலிருந்தே குடித்தான்.

ஆனால் துரைமாருக்கு எல்லாம் தெரியுமே! அங்கே என்ன செய்வது? அப்போதுதான் திறந்த கதவும் பின்பெஞ்சியும் என் ஞாபகத்துக்கு வந்தன. சட்டம் தெரியாத ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் அவருக்குச் சொல்வதாக நினைத்துச் சொல்லிவிடுவான். கடைசி ஞாயிறு அன்று அய்யாக்கண்ணுவிடம், பரீட்சைக்கு ஊரிலிருந்து ஒருவரை அழைத்து வாருங்கள் என்றேன். யாரை என்றார். யாராக இருந்தாலும் சரி என்றேன்.

அங்கேதான் நான் தவறினேன். பாகூர்க்காரரிடம் 'ஒருவர்' என்று சொல்லலாம். 'யாராக இருந்தாலும் சரி' என்று சொல்லவே கூடாது. ஒருத்தரக் கூப்பிட்டு ஒருத்தர வுட்டா தெருவுல எப்டி முழிக்கறது என்று அவர் யோசித்திருக்கிறார். வீட்டுக்கு வீடு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டார். வெறுங்கையோடு வரலாமா என்று அவர்களும் தாம்பாளம் எடுத்துவிட்டார்கள்.

எங்களுக்குக் கேக்கல

சிப்பாய் தாம்பாளத்தைத் தடுத்தான். பரீட்சை வைக்கிறவருக்குப் பழம் கொடுத்தால் அது வேறு சட்டத்தில் வரும் என்று நான் அஞ்சலைக்கு விளக்கினேன். தேங்காயைக்கூட வெக்கக் கூடாதா என்று கேட்டாள். கூடாது என்றேன். தாம்பாளம் வண்டிக்குத் திரும்பியது. அதைக் கொண்டுபோய் வைத்தவர் அங்கேயே மாடுகளுக்குக் காவலாக நின்றார். கரும்புக் கட்டை மாடுகள் கவனித்துக்கொண்டன.

மற்ற இருபது பேரும் ஈரக் காலோடு உள்ளே வந்து பின்பெஞ்சிகளில் உட்கார்ந்தார்கள். தலைமைத் துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கதவு திறந்திருக்கிறது, சட்டம் அவர்கள் பக்கம். சத்தம் வந்தால் மண்டபத்தைக் காலி செய்துவிடுவேன் என்று மட்டும் என்னிடம் சொன்னார். என் உத்தியோகமும் காலியாகும் என்பதை அவர் முகமே சொல்லிற்று.

கலியபெருமாளை அழைத்தார்கள். ஊர் ஜனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேஜைக்கு முன்னால் நின்றான். கேள்வி வந்தது: மேட்டு நிலத்துத் தண்ணீர் பள்ளத்து நிலத்தில் இறங்குவது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஏரிக்கரைக் கேள்வி! கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வான்.

அவன் சொல்லவில்லை.

தோள் குறுகியது. மழைத் தண்ணீர் தாழ்வாரத்தில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தலைமைத் துரை கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். என் மடியில் சிவப்புப் புத்தகம், அதற்குள் கடிதம். தபாலாபீஸ் இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன், அழுதுவிடுவேன் போலிருந்தது.

"எங்களுக்குக் கேக்கல கலியா," என்றாள் அஞ்சலை.

அவன் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை! பேசாததைக் கேட்கவில்லை என்று புகார் சொல்கிறாள். அமைதி என்று துரை மேஜையைத் தட்டினார். ஆனால் கலியபெருமாள் திரும்பிப் பார்த்துவிட்டான். இருபது முகங்கள், ஒன்றுக்கும் விடை தெரியாது. எல்லாம் கஞ்சி வேளை மாதிரி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

பாதி மேஜைப் பக்கமும் பாதி பெஞ்சிப் பக்கமுமாக நின்றுகொண்டு ஆரம்பித்தான். பிரெஞ்சுதான், சுத்தமான பிரெஞ்சு. ஆனால் இடது கை மேட்டு நிலம், வலது கை பள்ளத்து நிலம், விரல்கள் தண்ணீர். மேலேயிருந்து தானாக வழிகிற தண்ணீரைக் கீழே இருப்பவன் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும், அணை கட்டித் தடுக்கக்கூடாது என்று சொல்லி முடித்தான்.

அஞ்சலை எழுந்து நின்றாள். கையைப் பார்த்தே அவளுக்கு இது தண்ணீர்ச் சட்டம் என்று புரிந்துவிட்டது.

"தானா வந்தா வாங்கிக்கறேன்டா. மேல்வயக்காரன் வேணும்னே வரப்ப வெட்டி என் நாத்து மேல வுடறானே, அதுக்கு இன்னா சொல்லுது உன் புஸ்தகம்?"

முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். மண்டபம் காலி, என் வேலை காலி. தலைமைத் துரை, அந்தப் பெண்மணி என்ன சொல்கிறாள் என்று கேட்பது காதில் விழுந்தது. கலியபெருமாள் ஒரு வார்த்தை விடாமல் பிரெஞ்சில் பெயர்த்துச் சொன்னான், நாற்று உட்பட. மூன்று துரைமாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமைத் துரை கடிகாரத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாங்கள் அடுத்ததாகக் கேட்க இருந்த கேள்வி இதுதான், அவளுக்கே பதில் சொல் என்றார்.

சொன்னான். மேட்டு நிலத்துக்காரன் பள்ளத்து நிலத்துக்காரருக்குச் சுமை கூடும்படி எதையும் செய்யக்கூடாது, வரப்பை வெட்டிவிடுவது குற்றம், நஷ்டம் கேட்கலாம் என்று முதலில் துரைமாருக்கு, பிறகு அத்தைக்கு. அஞ்சலை முழுவதும் கேட்டுவிட்டு, இத முன்னாடியே சொல்லக்கூடாதா என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தாள். அப்புறம் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவன் தயங்கி நிற்கவில்லை.

ஒரு பழைய கடிதம்

மத்தியானம் பட்டியல் ஒட்டினார்கள். கலியபெருமாள் பெயர் இருந்தது. தாம்பாளத்து வாழைப்பழத்தைச் சிப்பாய்க்கே கொடுத்தார்கள், அவனும் மறுக்கவில்லை. வண்டி பூட்ட ஆரம்பித்தார்கள்.

நான் அவனைத் தனியே அழைத்து, புத்தகத்திலிருந்து கடிதத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். தபாலுக்கு இது வேண்டாம் என்றேன். வாங்கிக்கொண்டான். ஆனால் அவன் கையில் ஒரு காகிதம் இருப்பதை அய்யாக்கண்ணு பார்த்துவிட்டார். பாகூர் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே!

"அது இன்னா காயிதம்? படி," என்றார்.

நாலு பேர் கூடிவிட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். பாஸான சேதி என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அவன் கடிதத்தைப் பிரித்தான். உள்ளதை உள்ளபடி படித்தான். மாமாவுக்கு நமஸ்காரம். ஜூலைப் பரீட்சையில் தவறிவிட்டேன். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. அடுத்த கப்பலில் வருகிறேன், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஒரு வரி விடவில்லை.

அய்யாக்கண்ணு என் பக்கம் திரும்பி, உங்களுக்கு இது தெரியுமா வாத்தியாரே என்றார். தெரியும் என்றேன். தலையை ஆட்டினார். கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்த வெல்லப் பொட்டலக்காரர் கண்முன் வந்து நின்றார்.

அய்யாக்கண்ணு மகனிடம் போய் அந்தக் கடிதத்தை வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஆடி மாசமே சொல்லியிருந்தா," என்றார், "ஆடி மாசமே வண்டியப் பூட்டியிருப்பேனேடா."

பிறகு கடிதத்தை மடித்து அவன் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டு, ஏறு என்றார்.